கியர்பெட்டியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: பழைய ஆட்டோமேட்டிக் ஜீப்புக்குக் குமரியிலிருந்து ஸ்பேர் தேடும் வழி

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியில், ஐப்பசி மழைநாள் ஒன்றில், என் வண்டி இரண்டாம் கியரை விட்டு நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் ஊர்கிறது. ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடும். அப்புறம் பழையபடி ஊர ஆரம்பித்துவிடும். வண்டி, கொரியாவின் சாங்யாங் கம்பெனி செய்த 2013 மாடல் ரெக்ஸ்டன் ஆர்எக்ஸ்7. மலையோர ரப்பர் தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றிப் போக, திரும்பும்போது ரப்பர் ஷீட் கொண்டுவர என்று செகண்ட்ஹேண்டில் வாங்கியது.

மறுநாள் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரித்தேன். "ரெக்ஸ்டனா? அதுக்கெல்லாம் இப்ப ஒண்ணும் வராது அண்ணாச்சி. ஆக்கர் கடைக்குப் போட்டுட்டு வேற வண்டி பாருங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். மார்த்தாண்டம் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "இது பென்ஸ் பெட்டியாக்கும் மக்கா. கடையில போய் ரெக்ஸ்டன்னு கேக்காத. பென்ஸ் 722.6-ன்னு கேளு."

அப்படியே கேட்டேன். திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்காரர் மறுபேச்சில்லாமல் அலமாரியிலிருந்து பில்டரை எடுத்து வைத்தார்.

பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருக்கும் புதியவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான். வண்டி செய்யும் கம்பெனிகளில் பல ஆட்டோமேட்டிக் பெட்டியைச் சொந்தமாகச் செய்வதில்லை, வெளியே வாங்கிப் பொருத்துகின்றன. வண்டி நின்றுபோன மாடலாக இருக்கலாம். பெட்டி உலகம் முழுக்க வேறு பத்து வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும்.

பெட்டி எது என்று கண்டுபிடிப்பது

கழுவாமல் எதுவும் தெரியாது. நம்மூர்ச் செம்மண் சேறு காய்ந்து பெட்டி மேல் சிமெண்ட் மாதிரி ஒட்டியிருக்கும். வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கத்தைக் கழுவச் சொல்லுங்கள். ஆனால் கனெக்டர் மீதும், மூச்சுக்குழாய் (பெட்டிக்குள் காற்று போய்வரும் குழாய்) மீதும் நேராகத் தண்ணீரைப் பீய்ச்ச விடாதீர்கள்.

கழுவியதும் மூன்றைப் பாருங்கள். ஒன்று, பெட்டியின் உடம்பில் பொறித்த எண். 722.6 பெட்டியில் அது ஆயில் பேன் (பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) விளிம்புக்குச் சற்று மேலே இருக்கும். 722.6 என்று தொடங்கினால் வேலை முடிந்தது, அதற்குப் பிறகு வரும் எண்கள் உட்பிரிவு. இரண்டு, ஆயில் பேனின் வடிவமும் போல்ட் எண்ணிக்கையும். 722.6-க்கு ஆறு போல்ட். பேனின் படத்தை நேராகக் கீழிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அனுபவமுள்ள கடைக்காரர் படத்தைப் பார்த்தே பெட்டியைச் சொல்லிவிடுவார். மூன்று, வண்டியின் தகடு. டொயோட்டா வண்டிகள் பலவற்றில் தகட்டிலேயே பெட்டியின் குறியீடு அச்சாகியிருக்கும்.

சேஸிஸ் எண்ணையும் எழுதி வையுங்கள். 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. அதில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம்தான், கோடாகத் தெரிந்தால் ஒன்றுதான். போனில் எண்ணைப் படித்துக் காட்டும்போது இந்த ஒரு குழப்பத்தால் தவறான பாகம் வந்து சேர்வது உண்டு.

இனி உறவுமுறை. 722.6 பெட்டியை மெர்சிடிஸ் 1996-இல் கொண்டுவந்தது. சி, இ, எஸ், எம்எல் என்று பென்ஸ் வண்டிகளில் மட்டுமல்ல, கிரைஸ்லர் 300சி, 2012 முதல் 2018 வரை வந்த ஜீப் ராங்ளர், சாங்யாங் ரெக்ஸ்டன் என்று பல வீடுகளுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெட்டி அது. டொயோட்டாவின் நான்கு கியர் ஏ340, ஐந்து கியர் ஏ750 இரண்டும் ஜப்பானின் ஐசின் கம்பெனிக் குடும்பம். ஏ340-இன் உடன்பிறப்பு ஏடபிள்யூ4 என்ற பெயரில் பழைய ஜீப் செரோக்கியில் ஓடியது. பழைய 3.0 எண்டெவர் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது ஃபோர்டின் 5ஆர்55 குடும்பம், அமெரிக்காவில் எக்ஸ்புளோரரிலும் மஸ்டாங்கிலும் ஓடியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததும் இங்கே எண்டெவர் வைத்திருந்தவர்கள் பயந்துபோனார்கள். கியர்பாக்ஸைப் பொறுத்தவரை பயப்படத் தேவையில்லை, அமெரிக்கச் சந்தையில் அதற்குப் பாகம் குவிந்து கிடக்கிறது. 2008-இல் வந்த ஆட்டோமேட்டிக் ஸ்கார்பியோவில் இருந்தது ஆஸ்திரேலியாவின் டிஎஸ்ஐ செய்த ஆறு கியர் பெட்டி. சாங்யாங்கின் சில வண்டிகளிலும் டிஎஸ்ஐ பெட்டிகள் வந்தன, ஆகவே தேடலை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். டிஎஸ்ஐ 2009-இலேயே கடனில் விழுந்து சீனத்து ஜீலியின் கைக்குப் போனது. இந்தக் கூட்டத்தில் பாகம் தேடச் சிரமமான பெட்டி இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

சாங்யாங் என்ற பெயரும் இப்போது இல்லை. 2023 முதல் கேஜி மொபிலிட்டி. இணையத்தில் தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் பெட்டியிடம் கேட்பது

பெட்டியைப் புதுப்பிப்பதில் மூன்று மட்டம் உண்டு. முதல் மட்டம்: ஆயில், பில்டர், பேன் கேஸ்கெட், கனெக்டர், கூலர் ஹோஸ், மவுண்ட். இரண்டாவது: வால்வ் பாடியை (ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குத் திருப்பிவிடும் பாகம்) கழற்றிச் சுத்தம் செய்து, சொலினாய்டு (மின்சார வால்வ்), கண்டக்டர் பிளேட் மாற்றுவது. இந்த இரண்டுக்கும் பெட்டியை இறக்க வேண்டாம். மூன்றாவது: இறக்கி, பிரித்து, கிளட்ச் பிளேட், சீல், புஷ், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கொடுப்பது) எல்லாம் பார்ப்பது. எந்த மட்டம் என்று தெரியாமல் ஓவர்ஹால் கிட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

காலையில் குளிர்ந்த வண்டியில் லீவரை டி-யில் போட்டு, கியர் விழ இரண்டு மூன்று நொடிக்கு மேல் ஆகிறதா பாருங்கள். அப்படி ஆகிறதென்றால் உள்ளே ரப்பர் சீல்கள் கடினமாகியிருக்கலாம். கியர் மாறும் நேரத்தில் இன்ஜின் மட்டும் ஒரு துள்ளு துள்ளி, வண்டிக்கு வலிவு வராமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. அறுபது எழுபது வேகத்தில் லேசாக மிதித்துப் போகும்போது ஜல்லி ரோட்டில் ஓடுவது போல நடுக்கம் வந்தால் டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்ச் மீதும், தேய்ந்துபோன ஆயில் மீதும் சந்தேகம். என் வண்டி போல இரண்டாம் கியரில் மாட்டி, சாவியை அணைத்துப் போட்டால் சரியானால் அது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அப்படிச் செய்கிறது. ஸ்கேனர் போட்டுக் கோளாறு எண்ணை (கோடு) எடுக்காமல் ஒரு ஸ்குரூவைக் கூடத் தொடவிடாதீர்கள். சாதாரண இன்ஜின் ஸ்கேனர் போதாது, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோடு பேசக்கூடியது வேண்டும்.

எனக்கு வந்தது ஸ்பீடு சென்சார் கோடு. 722.6-இல் அந்தச் சென்சார்கள் வால்வ் பாடி மேல் உட்கார்ந்திருக்கும் கண்டக்டர் பிளேட்டுக்குள்ளேயே இருக்கின்றன. சென்சாரை மட்டும் மாற்ற வழியில்லை, பிளேட்டையே மாற்ற வேண்டும். இந்தப் பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் என்றைக்காவது ஒருநாள் சந்திக்கும் செலவு இது.

அப்புறம் பேனை இறக்கும் நாள். கையில் பில்டர், கேஸ்கெட், ஆயில் மூன்றும் வந்த பிறகே இறக்குங்கள். இல்லாவிட்டால் வண்டி மழையில் வாயைத் திறந்துகொண்டு ஒர்க்‌ஷாப் முற்றத்தில் வாரக்கணக்கில் நிற்கும். பேனுக்குள் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருந்தால் வயதின் அடையாளம்தான், துடைத்துவிடலாம். நகத்தால் எடுக்கக்கூடிய உலோகத் துணுக்கோ, கறுப்புச் செதிலோ கிடந்தால் மூன்றாம் மட்டம். ஆயில் கருகிய வாடை அடித்தாலும் அதேதான். ஸ்ட்ராபெரி மில்க்ஷேக் நிறத்தில் வந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலண்ட் கலந்திருக்கிறது, அல்லது தண்ணீர் புகுந்திருக்கிறது. தண்ணீரும் கூலண்டும் கிளட்ச் பிளேட்டில் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையைக் கரைத்துவிடும். அந்த நிலையில் ஆயிலை மட்டும் மாற்றி ஓட்டுவது பணத்தைக் கோதையாற்றில் விடுவதற்குச் சமம். ரேடியேட்டரையும் பட்டியலில் சேருங்கள்.

பட்டியல் போடுவது

என் ரெக்ஸ்டனுக்குப் போட்ட பட்டியலை மாதிரிக்குத் தருகிறேன். மெர்சிடிஸ் எண்கள் இவை: பில்டர் 140 277 00 95, பேன் கேஸ்கெட் 140 271 00 80, கண்டக்டர் பிளேட் 140 270 11 61, பதின்மூன்று பின் கனெக்டர் 203 540 02 53. எண்ணுக்கு முன்னால் 'ஏ' என்ற எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வாங்கும் முன் உங்கள் வண்டியிலிருந்து வந்த பழைய பாகத்தின் எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.

அந்தக் கனெக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் குழாய் மாதிரி ஒரு சின்னப் பாகம், அதில் இரண்டு ஓ-ரிங். வெப்பத்தில் ஓ-ரிங் செத்துப்போனால் ஆயில் கசிந்து, ஒயர் வழியாகவே திரி ஏறுவது போல ஏறி, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் வரைக்கும் போய்விடும். கம்ப்யூட்டர் பக்கத்துச் சாக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்து, உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதல் சந்தேகம் இந்தச் சின்னவன் மேல்தான். பட்டியலிலேயே விலை குறைந்த பாகங்களில் ஒன்று. பிளேட் மாற்றும்போது இதை மாற்றாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், கஞ்சத்தனத்துக்கு ஒரு எல்லை வேண்டாமா?

மற்ற வண்டிக்காரர்கள் பார்ட்சூக், அமயாமா போன்ற தளங்களில் சேஸிஸ் எண்ணைப் போட்டு வரைபடத்தோடு பாக எண்ணை எடுக்கலாம். வாங்குவது எங்கே என்பது பிறகு, எண்ணை எடுக்கக் காசில்லை. பழைய எண்ணுக்குப் பதில் புதிய எண் வந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் கம்ப்யூட்டர் பழைய எண்ணுக்கு 'இல்லை' என்று சொல்லி, புதிய எண்ணுக்கு 'இருக்கிறது' என்று சொல்லும்.

மலையேறும் வண்டிக்கு மேலும் இரண்டைச் சேர்க்கச் சொல்வேன். ஒன்று, தனியாக ஒரு ஆயில் கூலர். பாலமோர், மாறாமலைப் பக்கம் முதல் கியரில் பாரத்தோடு ஏறும்போது கன்வெர்ட்டரில் பிறக்கும் சூடுதான் பெட்டியின் முதல் எதிரி. இரண்டு, நீளமான மூச்சுக்குழாய். சூடான பெட்டி ஓடையில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, மூச்சுத் துவாரம் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். குழாயை இன்ஜின் அறை மேல்மட்டம் வரை இழுத்துக் கட்டினால் தீர்ந்தது. இதற்கு எந்தக் கம்பெனிப் பாகமும் வேண்டாம், நல்ல ஆயில் ஹோஸும் கிளிப்பும் போதும்.

எது புதுசு, எது பழசு

ரப்பர் எல்லாம் புதுசாக இருக்க வேண்டும். இதில் பேச்சே இல்லை. ஓ-ரிங்கை நாகர்கோவில் கடையில் அளவு பார்த்து வாங்கலாம், ஆனால் எந்த ரப்பர் என்று கேளுங்கள். கறுப்பு நைட்ரைல் சாதாரணச் சூட்டுக்குச் சரி, சூடு அதிகமாகும் இடத்தில் வைட்டான் வகை வாங்குங்கள்.

மின்சாரப் பாகம் புதுசு, அதுவும் ஒரிஜினல். இங்கே என் சொந்தச் சூடு ஒன்று. முதல் முறை விலை பாதிக்குப் பாதி குறைவு என்று பேரில்லாத ஒரு கண்டக்டர் பிளேட்டை வாங்கிப் போட்டேன். நான்கே மாதத்தில் அதே கோடு, அதே இரண்டாம் கியர், மறுபடியும் ஆயில் இறக்கும் கூலி. கடையில் கேட்டால் "எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாதுன்னு பில்லுலயே இருக்கே" என்றார்கள். இருந்தது, பொடி எழுத்தில்.

கிளட்ச் பிளேட் புதுசு. ரேபெஸ்டாஸ், போர்க்வார்னர் போன்ற பெயர்களில் கிடைக்கும். சீல் கிட்டுக்கு டிரான்ஸ்டெக் பரவலாகத் தெரிந்த பெயர். பொருத்தும் முன் பிளேட்டை அதே ஆயிலில் அரைமணி நேரமாவது ஊறப்போட வேண்டும், உலர்ந்தபடி போட்டால் முதல் ஓட்டத்திலேயே கருகும். இதை உங்கள் மெக்கானிக்கிடம் மரியாதையாகக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு, அலுமினியப் பாகங்கள் — பெட்டியின் கூடு, டிரம், பல்சக்கரச் செட் — பழசில் வாங்கலாம். தேய்மானத்தைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் தடவலாம். டார்க் கன்வெர்ட்டரைப் பழசில் வாங்குவது மூடிய மூட்டையில் தேங்காய் வாங்குவது மாதிரி. அதை அறுத்துத் திறந்து, லைனிங் மாற்றி, வெல்டு செய்து, பேலன்ஸ் பார்த்துத் தருபவர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். உங்கள் கன்வெர்ட்டரையே அங்கே அனுப்பி வாங்குவது மேல்.

ஆயில்

பாகத்தில் மிச்சம் பிடிக்கலாம், ஆயிலில் கூடாது. ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு ஆயில் வெறும் வழுக்குப் பொருள் அல்ல. அதுதான் அழுத்தம் கொடுத்துக் கிளட்ச்சைப் பிடிக்கிறது, சூட்டை வெளியே கொண்டுபோகிறது, கிளட்ச் எவ்வளவு வழுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது.

722.6-க்குப் பழைய தரம் எம்பி 236.10, பிறகு வந்தது 236.14. டப்பாவில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் பெட்டி ஆயில்) 134 என்ற பெயரில் கிடைப்பது 236.14 தரம், பழைய பெட்டிக்கும் ஒத்துவரும். டொயோட்டாவில் டி-4, டபிள்யூஎஸ் இரண்டும் வேறு வேறு, ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. "டெக்ஸ்ரான் 3 எல்லாத்துக்கும் ஊத்தலாம் சார்" என்று யாராவது சொன்னால், ஒரு தகவல்: டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 இறுதியோடு நிறுத்திவிட்டது. இன்று டப்பாவில் அந்தப் பெயரைப் போடுபவர் தன் சொந்த வாக்கில்தான் போடுகிறார். டப்பா மேல் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் எந்தக் கம்பெனித் தரத்துக்கு ஒப்புதல் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். 'ஏற்றது' என்பதும் 'ஒப்புதல் பெற்றது' என்பதும் ஒன்றல்ல.

அளவு: பேனை இறக்கினால் நான்கைந்து லிட்டர்தான் வெளியே வரும், மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கும். மொத்தம் மாற்ற ஒன்பது லிட்டர் வரை வேண்டும். பத்தாக வாங்குங்கள். ஒரே கடையில், சீல் உடையாத டப்பா, பில்லோடு.

எங்கே கிடைக்கும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் நிச்சயமாகக் கிடைப்பவை பேரிங், ஆயில் சீல், ஹோஸ், கிளிப், ஓ-ரிங், பரவலான வண்டிகளுக்கு ஏடிஎஃப். கூலர் ஹோஸ் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. கொளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று துறைமுகங்கள் இருக்கிற மாவட்டம், ஜேசிபி ஓடாத ஊரும் இல்லை. ஆகவே ஹைட்ராலிக் ஹோஸ் அளவுக்கு வெட்டி, இரண்டு முனையும் அழுத்திப் பொருத்தித் தரும் கடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். பழைய ஹோஸைக் கொண்டுபோய், சூடான கியர் ஆயில் ஓடும் லைன் என்று சொல்லி, எவ்வளவு சூடு தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். கம்பெனி ஹோஸுக்கு ஒரு மாதம் காத்திருப்பதை விட இது மேல்.

பாக எண் கையில் இருந்தால் கம்பெனி டீலரிடமும் ஒரு முறை கேளுங்கள். நின்றுபோன மாடல்தானே என்று நாமாக முடிவுகட்ட வேண்டாம். சில பாகங்கள் கிடங்கில் தூங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள், மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு அதில் பாதிதான். பென்ஸ், டொயோட்டா ஒரிஜினல் பாகத்துக்கு நான் முதலில் கேட்பது அங்கேதான். மலையாளம் நமக்கு அந்நியமில்லை, களியக்காவிளை தாண்டினால் பேச்சு தானாக மாறிவிடும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு அங்கே வணிகவரிச் சோதனைச் சாவடியில் நிற்கும் வேலை இல்லை. ஆனால் முழுப் பெட்டி மாதிரி 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லை தாண்டி வந்தால் இ-வே பில் வேண்டும், விற்பவர்தான் போட்டுத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். விலை பேசும்போது ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு 18 சதவீதம். பழைய 28 சதவீதக் கணக்கில் யாராவது விலை சொன்னால் திருத்துங்கள்.

சென்னையில் புதுப் பாகத்துக்கு ஜி.பி. ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. பெங்களூருவில் ஜே.சி. ரோடு, டெல்லியில் புதுசுக்குக் காஷ்மீரி கேட், பழசுக்கு மாயாபுரி, மும்பையில் குர்லா. டெல்லிக்கு நேரில் போவதென்றால் டிக்கெட் காசு லாபத்தைத் தின்றுவிடும், போனில் பேசிப் படம் வாங்கி முடிவு செய்யுங்கள். பூட்மோ போன்ற இணையக் கடைகளில் எண்ணைப் போட்டாலே விலை ஒப்பிடலாம், அங்கே போகாவிட்டாலும் மற்ற கடைக்காரரிடம் பேரம் பேச அது உதவும். சென்னையிலிருந்து சின்னப் பாகத்துக்கு ஆம்னி பஸ் பார்சல் வேகமானது, ராத்திரி ஏற்றினால் காலையில் வடசேரியில் எடுத்துக்கொள்ளலாம். முழுப் பெட்டிக்கு லாரி ஆபீஸ்தான்.

வளைகுடா வழி நம் மாவட்டத்தில் பலருக்கும் திறந்திருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது அங்கே இருப்பார். ஷார்ஜாவில் பழைய பாகச் சந்தை மிகப் பெரியது, டொயோட்டாவுக்கும் மிட்சுபிஷிக்கும் அங்கே இல்லாத பாகம் குறைவு. மச்சானிடம் சொல்லிவிடும் முன் இதைக் கவனியுங்கள்: கண்டக்டர் பிளேட், சொலினாய்டு, சீல் கிட் மாதிரி சின்ன, புதிய பாகங்களை மட்டும் கேளுங்கள். கம்பெனிப் பெட்டி பிரிக்காமல், பில்லோடு வரட்டும். விமானப் பெட்டியில் ஆயில் வேண்டாம். ஆயில் ஊறிய பழைய பாகத்தையும் விமான நிலையத்தில் நிறுத்திவைக்கக் கூடும். விலை உயர்ந்த பாகமென்றால் சுங்க வரிக்கும் தயாராக இருங்கள், ஊருக்கு வருகிறவரை அந்த வரிசையில் நிற்கவைத்துவிட்டு நாம் வீட்டில் சாயா குடிப்பது நியாயமில்லை.

முழுப் பெட்டி வாங்குவதானால்

சில நேரம் ஓவர்ஹாலை விட ஓடிய பெட்டி மலிவாக வரும். நான் தயங்கித்தான் சொல்வேன். முதலில் அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் காகிதம் எங்கே என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி வந்துவிடுங்கள், திருட்டு வண்டிப் பெட்டியை வாங்கிவிட்டுப் போலீஸ் ஸ்டேஷன் ஏற முடியாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பது அடுத்த கேள்வி. 2015-இல் சென்னை, 2018-இல் கேரளம், 2023 டிசம்பரில் நெல்லையும் தூத்துக்குடியும் என்று வெள்ளம் பார்த்த வட்டாரம் இது. அந்தப் பெட்டிகள் வெளியே கழுவிப் பளபளவென்று நிற்கும். பேனைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே துருக்கறையோ, பால் நிற ஆயிலோ தெரிந்தால் வேண்டாம். கழற்ற மாட்டேன் என்றாலும் வேண்டாம்.

4x4 பெட்டிக்கும் 4x2 பெட்டிக்கும் பின்பக்கம் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றது அப்படியே உட்காராது. கன்வெர்ட்டர் சேர்த்தா என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 722.6-இல் அது வெளியே தனியாக இருப்பதால் பெட்டி மாற்றுவது சுலபம். அதற்குப் பின் வந்த சில பெட்டிகளில், உதாரணமாக மெர்சிடிஸின் ஏழு கியர் 722.9-இல், கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பெட்டியை மாற்றினால் கோடிங் செய்யாமல் வண்டி நகராது.

பாகம் வந்த பிறகு

பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். எண்ணைப் பழைய பாகத்தோடு பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பொருந்துகிறதா என்று பார்க்க மின்சாரப் பாகத்தை வண்டியில் செருகிப் பார்க்காதீர்கள், செருகிவிட்டால் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

மெக்கானிக்கிடம் மூன்று கேள்வி: டார்க் ரெஞ்ச் இருக்கிறதா, கியர்பாக்ஸோடு பேசும் ஸ்கேனர் இருக்கிறதா, ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி இருக்கிறதா. 722.6-இல் குழாய் உண்டு, குச்சியைக் கம்பெனி தராது. மூடிக்குச் சிவப்புப் பூட்டு போட்டு வைத்திருப்பார்கள். குச்சியைத் தனியாக வாங்க வேண்டும், அதையும் பட்டியலில் எழுதுங்கள். பேன் போல்ட்டுக்கு 8 நியூட்டன் மீட்டர் போதும். ரப்பர் கேஸ்கெட் இருக்கும் இடத்தில் சிலிகான் பேஸ்ட் தடவ விடாதீர்கள், பிதுங்கி உள்ளே விழுந்து பில்டரை அடைக்கும். மட்டம் பார்ப்பது சமதரையில், இன்ஜின் ஓடும்போது, ஆயில் 80 டிகிரிக்கு வந்த பிறகு. சூட்டை ஸ்கேனரிலேயே பார்க்கலாம். குளிர்ந்த ஆயிலில் பார்த்து நிரப்பினால் அதிகமாகி நுரைக்கும்.

முதல் சில நாள் அரல்வாய்மொழி பக்கம் நான்குவழிச் சாலையில் சீராக ஓட்டுங்கள், மலைக்கு உடனே ஏற்ற வேண்டாம். ஆடிக் காற்றில் வண்டி ஆடுவதைப் பெட்டியின் நடுக்கம் என்று நினைத்துப் பதறவும் வேண்டாம், நான் பதறினேன். ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் அடியில் படுத்து, கனெக்டரைச் சுற்றியும் பேன் விளிம்பிலும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். சிவப்பு ஒட்டினால் எங்கிருந்து என்று அன்றைக்கே தேடுங்கள். என் பேப்பர் வெறும் செம்மண்ணோடு வந்தது. மிச்சமிருந்த ஒரு லிட்டரை மூடி இறுக்கி, தேதி எழுதி, டிக்கியில் ஜாக் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.